ஒரே டவருக்கு இரண்டு மனுக்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கோப்பில் இரண்டு மனுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது ஒரு செல்பேசி நிறுவனத்துக்கு எழுதியது. வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை, பேசுவதற்கு மொட்டை மாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது, ஆவன செய்யவும் என்கிறது. இரண்டாவது, பதினான்கு மாதம் கழித்து மாவட்ட ஆட்சியருக்கு எழுதியது. புதிதாக முளைத்திருக்கும் செல்போன் டவரின் கதிர்வீச்சால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்து, உடனே அகற்ற உத்தரவிடவும் என்கிறது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள்தாம். இரண்டையும் எழுதியவன் நான். அப்போது சங்கத்தின் செயலாளர்.

முதல் மனுவுக்குக் கிடைத்த பதில்தான் அந்த டவர் என்பது இரண்டாவதை எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. மக்கள் குறைதீர் நாளன்று ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்ற இரண்டு மணி நேரமும் நாங்கள் போனில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் கட்டடத்தின் உள்ளே, சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டிய இடத்தில். அந்த ஒற்றைக் கோட்டுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டது பிற்பாடுதான்.

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று வளர்ந்த ஊர் இது. இந்தக் கோபுரத்தை மட்டும் யாரும் அண்ணாந்து பார்க்க விரும்புவதில்லை. பயம் முழுவதும் மேலே நிற்கும் இரும்பின் மீது. சட்டைப் பையில் கிடப்பதன் மீது ஒரு புகாரும் இல்லை. ஆனால் டவரும் கைபேசியும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு ரேடியோக்கள். ஒன்று ஆபத்து என்றால் மற்றதும் ஆபத்துதான். எது எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு முன் 'கதிர்வீச்சு' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் அந்த ஒரு சொல் எல்லாச் சுமையையும் தூக்குகிறது. ஹிரோஷிமாவில் மக்களைக் கொன்றதும் கதிர்வீச்சு. கால் முறிந்தால் எடுக்கும் எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு. அடுப்புத் தணலின் சூடு முகத்தில் படுவதும் கதிர்வீச்சு. வானொலியில் பாட்டு வருவதும் அதுவே. எக்ஸ்ரேயும் காமா கதிரும் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எறியக்கூடியவை. மரபணுவின் பிணைப்பை நேரடியாக உடைக்கக்கூடியவை. அதற்கு ஒரு கதிர்த்துகளில் ஏறத்தாழ 10 எலெக்ட்ரான் வோல்ட்டோ (ஒரு துகளின் ஆற்றலை அளக்கும் நுண்ணிய அலகு) அதற்கு மேலோ ஆற்றல் வேண்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தின் துகளில் இருப்பது சுமார் 2. செல்பேசி அலையின் துகளில் இருப்பதோ பொதுவாக அந்த மெழுகுவத்தித் துகளில் இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எத்தனை துகள்களைக் கொட்டினாலும் ஒவ்வொன்றும் அதே பலவீனத்தோடுதான் வந்து சேரும். பல லட்சம் பஞ்சுருண்டைகளை எறிந்தாலும் கண்ணாடி உடையாது.

கண்ணாடி உடையாது, ஆனால் சூடாகலாம். ரேடியோ அலை உடலில் செய்வதாக ஐயமில்லாமல் நிரூபிக்கப்பட்டிருப்பது அந்த ஒரு வேலைதான். உலகெங்கும் உள்ள வரம்புகள் அதன் மேல்தான் எழுப்பப்பட்டவை. உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் என்ற கணக்கில் ஆற்றலை உறிஞ்சினால் உடல் வெப்பம் சுமார் ஒரு டிகிரி ஏறக்கூடும். அதை ஐம்பதால் வகுத்துப் பொதுமக்களுக்கான வரம்பாகக் கிலோவுக்கு 0.08 வாட் என்று வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் தானே கிலோவுக்கு ஒரு வாட்டுக்குக் குறையாமல் வெப்பம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

குழப்பம் அளவைகளில் தொடங்குகிறது. பாலைப் படியிலும் பூவை முழத்திலும் அளப்பதுபோல டவரை ஒரு விதமாகவும் கைபேசியை வேறு விதமாகவும் அளக்கிறார்கள். டவருக்கு, நாம் நிற்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை வாட் வந்து விழுகிறது என்று பார்க்கிறார்கள். கைபேசிக்கு, தலையோ உடலோ எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். கைபேசிப் பெட்டியில் எஸ்.ஏ.ஆர். என்று அச்சிட்டிருப்பது இந்த இரண்டாவது அளவு. இந்தியாவில் எந்த ஒரு கிராம் திசுவிலும் அது கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் கைபேசியில் *#07# என்று அழுத்தினால் அதன் எண் திரையில் வரும். இந்த இரண்டு அளவைகளையும் ஒரே தராசில் வைக்காமல் "டவர்தான் மோசம்" என்றோ "போன்தான் மோசம்" என்றோ சொல்வது வெறும் சத்தம்.

டவரிலிருந்து தொடங்குவோம். மேலே நீளப் பலகைபோலச் செங்குத்தாகக் கட்டியிருப்பவைதான் நம்மோடு பேசும் ஆன்டெனாக்கள். வெள்ளை முரசுபோல வட்டமாக இருப்பவற்றைத்தான் எங்கள் தெருவில் எல்லோரும் விரல் நீட்டிக் காட்டினார்கள். அவை மிகக் குறைந்த ஆற்றலை ஊசிக்கற்றையாக அடுத்த டவரின் முரசுக்கு அனுப்புபவை. நமக்கும் அவற்றுக்கும் பேச்சே கிடையாது.

பலகை ஆன்டெனாவைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக்கொள்ளலாம். மெரினாவில் கலங்கரை விளக்கத்தின் காலடியில் நின்றால் அதன் ஒளி உங்கள் மேல் படாது. அது கடலைப் பார்த்து வீசுகிறது. ஆன்டெனாவும் தன் ஆற்றலை எல்லாப் பக்கமும் இறைப்பதில்லை. மேல்கீழாக ஆறேழு டிகிரி மட்டுமே அகலமுள்ள ஒரு தட்டையான கற்றையாக, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து எதிரே வீசுகிறது. அந்தக் கற்றை தரையைத் தொடுவது பொதுவாக ஐம்பது மீட்டருக்கு அப்பால், சில இடங்களில் இருநூறு முந்நூறு மீட்டருக்கு அப்பால். விளக்கின் அடியில் இருட்டு என்பது இங்கே அப்படியே பொருந்தும். மொட்டை மாடியில் டவருக்கு இடம் கொடுத்து மாத வாடகை வாங்குபவரின் வீட்டைவிட, எதிர்ச்சாரியில் மனு எழுதிக்கொண்டிருப்பவரின் மாடியில் அலை அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. இது அநியாயமாகத்தான் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது.

இனிக் கணக்கு. ஓர் அலைவரிசைக்கு 20 வாட் என்பது பெரிய டவர்களில் வழக்கமான ஆற்றல். கற்றையாகக் குவிப்பதால், கற்றையின் நட்ட நடுவில் நிற்பவருக்கு அது சுமார் ஐம்பது மடங்கு, அதாவது 1,000 வாட் விளக்கு எல்லாத் திசையிலும் வீசுவதற்குச் சமமாகத் தெரியும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் அந்த 1,000 வாட் ஒரு பெரிய கோளத்தின் மேல் பரவியிருக்கும். கோளத்தின் பரப்பு சுமார் 1,25,000 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 0.008 வாட். இடையில் சுவர் இல்லை, மரம் இல்லை, டவர் முழு ஆற்றலில் ஓடுகிறது என்ற மிக மோசமான கணக்கு இது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, இத்தகைய அலைகளிலிருந்து பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் (ஐ.சி.என்.ஐ.ஆர்.பி.) பரிந்துரைக்கும் வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து 0.45 வாட் என்று வைத்தது. நம் 0.008 என்பது அந்த இந்திய வரம்பிலும் ஐம்பதில் ஒரு பங்குக்குக் கீழே. பத்து அலைவரிசைகள் ஒரே டவரில் இருந்தாலும் வரம்பில் ஐந்தில் ஒன்றைத் தொடாது.

இருபது மீட்டரில்? தூரம் ஐந்தில் ஒன்றானால் அலை இருபத்தைந்து மடங்கு கூடும். அதே கணக்கில் 0.2 வாட் வரும். ஒரு அலைவரிசைக்கே இந்திய வரம்பில் பாதியை நெருங்குகிறது. அதனால்தான் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் ஒரு கட்டடம் இருந்தால் ஓர் ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர் என்று தொலைத்தொடர்புத் துறை இடைவெளி வகுத்தது. டவரைப் பற்றி நியாயமாகக் கவலைப்பட வேண்டியவர் யாராவது இருந்தால் அவர் இவர்தான்: நான்காவது மாடியில் ஜன்னலைத் திறந்தால் எதிரே பலகை முகம் காட்டி நிற்கும் வீட்டுக்காரர். கீழே பள்ளி மைதானத்தில் விளையாடும் பிள்ளைகள் அல்லர்.

தென் மாவட்டங்களில் பல ஆண்டுகளாக எல்லோர் வீட்டிலும் ஒலிக்கும் கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸில் 10,000 வாட் ஆற்றலோடு ஒலிபரப்பாகிறது. மனித உடலின் நீளத்துக்கு அந்த அலைவரிசை இன்னும் நன்றாகவே பொருந்துவதால், செல்பேசி அலையைவிட அதை உடல் அதிகமாகவே உறிஞ்சும். கோடைப் பண்பலைக்கு எதிராக நான் மனு எழுதியதில்லை. மலையுச்சி தொலைவில் இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்பது உண்மைதான். ஆனால் 'டவர்' என்றதும் வரும் நடுக்கம் வாட் கணக்கைப் பார்த்து வருவதில்லை, பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்ததைப் பார்த்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது இந்த எண்ணைப் படித்தபோதுதான்.

இப்போது கைபேசி. இதன் ஆற்றல் அற்பம்: பழைய 2ஜி போன் உச்சத்தில் 2 வாட், ஆனால் எட்டில் ஒரு பங்கு நேரமே அலை வீசுவதால் சராசரி கால் வாட். 3ஜி, 4ஜி போன்களின் உச்சமே ஏறத்தாழ அந்தக் கால் வாட்தான். டவரின் 20 வாட்டுக்கு முன் இது எம்மாத்திரம்? ஆனால் டவர் இருப்பது நூறு மீட்டரில். போன் இருப்பது காதில். முழு ஆற்றலில் இயக்கிச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது பல போன்கள் தலையில் கிலோவுக்கு 1 வாட்டை ஒட்டிய எஸ்.ஏ.ஆர். காட்டுகின்றன. (அந்தச் சோதனைக்குப் பயன்படும் பொம்மைத் தலை, அமெரிக்க ராணுவ ஆண்களின் தலை அளவுகளைக் கொண்டு செய்தது. குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது என்று இதைக் குறை சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.)

முன்பு கணக்கிட்ட நூறு மீட்டர் டவர் அலையை இதே எஸ்.ஏ.ஆர். அளவைக்கு மாற்றலாம். சதுர மீட்டருக்கு 4.5 வாட் விழுந்தால் உடல் கிலோவுக்கு 0.08 வாட்டுக்கு மேல் உறிஞ்சாது என்பதுதான் அந்த வரம்பின் அடிப்படை. எனவே 0.008 வாட்டுக்கு 0.00014. போனின் 1-ஐ இதோடு ஒப்பிட்டால் ஏழாயிரம் மடங்கு. ஆனால் டவர் இருபத்து நான்கு மணி நேரமும் வீசுகிறது, போனில் பேசுவதோ அரை மணி நேரம் என்று யாரும் மடக்குவார்கள், நானும் மடக்கினேன். நேரத்தையும் நிமிடக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் போனின் கணக்கில் 30, டவரின் கணக்கில் 0.2. அப்போதும் காதோரத் திசுவுக்குப் போன் கொடுப்பது டவர் கொடுப்பதைப் போல நூற்றைம்பது மடங்கு. ஒன்று, ஒரு புள்ளியில் அளந்த உச்சம். மற்றது, உடல் முழுவதற்குமான சராசரி. ஆகவே இந்த நூற்றைம்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்று காட்ட அது போதும்.

இங்கேதான் எனக்கு எதிர்பாராத இடம் ஒன்று வந்தது. கைபேசி எப்போதும் முழு ஆற்றலில் கத்துவதில்லை. டவர் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: கொஞ்சம் மெதுவாகப் பேசு, நன்றாகக் கேட்கிறது, இப்போது கேட்கவில்லை, சத்தமாகப் பேசு. 3ஜியில் இந்தக் கட்டளை நொடிக்கு 1,500 முறை போகிறது. 2ஜி போனே 2 வாட்டிலிருந்து சில மில்லிவாட் வரை இறங்கக்கூடியது; பிற்பாடு வந்தவை மில்லிவாட்டுக்கும் வெகு கீழே இறங்கும். வழக்கமான பயன்பாட்டில் 3ஜி போன், 2ஜி போன் வீசுவதில் சராசரியாக நூறில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் வீசுகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

ஆக, திரையில் உள்ள கோடுகளுக்கு ஒரு பொருள் உண்டு. கோடுகள் குறைந்தால் போன் கத்துகிறது. கேட்பவர் அருகில் இருந்தால் கிசுகிசுத்தால் போதும்; வயலின் அடுத்த கரையில் இருந்தால் தொண்டை கிழியக் கூவ வேண்டும். ஸ்வீடனில் 2ஜி காலத்தில் இதைக் கணக்கெடுத்தார்கள். டவர்கள் அடர்ந்த நகரத்தில் போன்கள் கால்வாசி நேரம் உச்ச ஆற்றலில் இருந்தன. டவர்கள் தூரத்தூரமாக இருந்த கிராமப்புறத்தில் பாதி நேரம் உச்சத்தில் இருந்தன. கத்துபவன் வாய் யார் காதருகே இருக்கிறது என்பதுதான் நாம் யோசிக்காத விஷயம்.

மேலே போட்ட கணக்கில் போன் நூறில் ஒரு பங்கு ஆற்றலில் ஓடினால் 30 என்பது 0.3 ஆகிவிடும், டவரின் 0.2-க்கு ஏறத்தாழச் சமம். டவர் அருகில் இருந்தால் மொத்தம் 0.5. அந்த டவரை விரட்டிவிட்டு, சிக்னல் இல்லாத வீட்டில் போன் உச்சத்தில் கத்த விட்டால் 30. எங்கள் இரண்டாவது மனு வெற்றி பெற்றிருந்தால் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரின் தலைக்கும் போகும் அலை கூடியிருக்கும். மனுவில் குழந்தைகள், முதியோர் என்று நான் உருகி எழுதிய வரிகளை இப்போது படித்தால் கூசுகிறது.

கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அடுத்த கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற 2பி பிரிவில் வைத்தது. டவர் எதிர்ப்புத் துண்டறிக்கைகள் எல்லாவற்றிலும் இந்த வரி இருக்கும். என் மனுவிலும் இருந்தது. அந்த முகமை எதை வைத்து அப்படி முடிவு செய்தது என்பது மட்டும் இருக்காது. தலையில் வைத்துப் பேசும் போன்களை அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் கிளியோமா என்ற மூளைக் கட்டி குறித்துக் கிடைத்த, 'வரம்புக்குட்பட்ட' என்று அதுவே சொல்லிய சான்றுதான் அதற்கு அடிப்படை. டவர், வானொலி, தொலைக்காட்சி போன்ற சுற்றுப்புற அலைகள் பற்றிய சான்று எந்த முடிவுக்கும் வரப் போதாது என்று அதே அறிக்கை சொன்னது. போனைப் பற்றிச் சொன்னதை எடுத்து டவரின் கழுத்தில் மாட்டிவிட்டோம். அதே 2பி பிரிவில் ஆசிய முறையில் போடும் காய்கறி ஊறுகாயும் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கின்றன.

அந்தச் சான்றின் முக்கியத் தூண், பதின்மூன்று நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான இன்டர்போன் ஆய்வு. மொத்தத்தில் அது ஆபத்து எதையும் காட்டவில்லை. ஆயுளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன பத்தில் ஒரு பங்கினரிடம் மட்டும் கிளியோமா 40 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. சிக்கல் என்னவென்றால், அவர்களில் சிலர் நாளுக்கு ஐந்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் பேசியதாகச் சொல்லியிருந்தார்கள். மூளையில் கட்டி வந்த ஒருவரிடம் பத்தாண்டுக்கு முன் எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டால் வரும் பதில் எவ்வளவு நம்பத்தக்கது என்று ஆய்வாளர்களே தயங்கினார்கள்.

அதற்குப் பின் வந்தவை நினைவை நம்பாமல், மக்களை முன்கூட்டியே பட்டியலிட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவை. பிரிட்டனில் 7,76,000 பெண்களைப் பின்தொடர்ந்து 2022-இல் வந்த முடிவிலும், ஐரோப்பாவில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்த காஸ்மோஸ் ஆய்வு 2024-இல் தந்த முடிவிலும் மூளைக் கட்டி கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளை அலசிய தொகுப்பும் அதே ஆண்டு அதையே சொன்னது. டவரைப் பொறுத்தவரை பிரிட்டனில் 2010-இல் நடந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் பட்டது: நான்கு வயதுக்குள் புற்றுநோய் வந்த 1,397 குழந்தைகளை, நோயில்லாத 5,588 குழந்தைகளோடு ஒப்பிட்டு, தாய் கருவுற்றிருந்தபோது வீட்டருகே டவர் இருந்ததா என்று பார்த்தார்கள். தொடர்பு இல்லை.

எலிகளைச் சொல்லாமல் விட்டால் யாராவது நினைவூட்டுவார்கள். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகள், உடல் முழுவதும் அலை வாங்கிய ஆண் எலிகளுக்கு இதயத்தில் ஒரு வகைக் கட்டி கூடியது. பெண் எலிகளுக்கு அது தெளிவாகத் தெரியவில்லை. அலை வாங்கிய ஆண் எலிகள், வாங்காதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. இதை எந்தப் பக்கம் வைத்து வாதாடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தலைவலி, தூக்கமின்மை வேறு கதை. டவர் வந்தபின் தலை வலிக்கிறது என்று சொல்பவர்களின் வலி பொய்யல்ல. அவர்களை அறையில் உட்காரவைத்து, அலை ஓடுகிறதா இல்லையா என்று அவர்களுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்திய 46 சோதனைகளை 2010-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அலை இருக்கும்போதும் இல்லாதபோதும் வலி ஒரே மாதிரி வந்தது. ஓடுகிறது என்று நம்பினாலே போதும். எங்கள் தெருவில் மின் இணைப்பு கிடைப்பதற்கு முன்பே, வெறும் இரும்பாக டவர் நின்ற வாரத்திலேயே இரண்டு பேருக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. அவர்களில் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

சிட்டுக்குருவியையும் இந்த வழக்கில் சாட்சியாக இழுக்கிறோம். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் குருவிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் சரிந்திருக்கிறது என்றது. டவர் அலையால் சரிந்தது என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. ஓட்டு வீடும் தாழ்வாரமும் போய் கண்ணாடி முகப்புகள் வந்த ஊரில் குருவி எங்கே கூடு கட்டும் என்று நாம் கேட்பதில்லை.

சட்டம் இந்த இடத்தில் அறிவியலைவிடத் தடுமாறுகிறது. 2017-இல், புற்றுநோய்க்கு ஆளான ஒருவர் தொடுத்த வழக்கில் குவாலியரில் ஒரு டவரின் இயக்கத்தை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மே மாதம் மத்திய அரசு 'தரங் சஞ்சார்' என்ற இணையதளத்தைத் திறந்தது. பக்கத்து டவர் வரம்புக்குள் இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம், கட்டணம் செலுத்தினால் வீட்டுக்கே வந்து அளப்பார்கள். வரம்பை மீறினால் ஓர் ஆன்டெனா நிலையத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம் என்று 2013-இலேயே வைத்தார்கள். எதிரெதிர் மாடியில் இருப்பவர், ஆட்சியருக்கு மனு எழுதுவதைவிட அளக்கச் சொல்லிக் கேட்பது பயனுள்ளது. அளவு கையில் இருந்தால் பேச இடம் உண்டு.

கைபேசியின் அலையைக் குறைக்க விரும்புபவருக்கு வழி எளிது, செலவும் இல்லை. காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து ஒலிபெருக்கியில் பேசலாம். வயர் மாட்டிப் பேசலாம். எண்ணை அழுத்திய உடனே 2ஜி போன் உச்ச ஆற்றலில் தொடங்கித்தான் பிறகு தணியும். மறுமுனை எடுக்கும்வரை காதில் அழுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டாம். லிஃப்டிலும் அடித்தளத்திலும் ஓடும் ரயிலிலும் நீண்ட கதைகளை ஒத்திவைக்கலாம். பிள்ளைகள் வீடியோ பார்ப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லமாட்டேன். கண்ணுக்கும் தூக்கத்துக்கும் படிப்புக்கும் அது என்ன செய்கிறது என்பது தனிப் பஞ்சாயத்து. ஆனால் வீடியோ இறங்கும்போது போன் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறது, பேசுவது குறைவு. தலையிலிருந்து தள்ளியும் இருக்கிறது. அலைக் கணக்கில் அது தாத்தா காதில் வைத்து ஒரு மணி நேரம் பேசுவதைவிடக் குறைவாகவே வரும்.

போனின் பின்னால் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' வில்லைகளை வாங்க வேண்டாம். அவை உண்மையிலேயே அலையைத் தடுத்தால் போன் கேட்கவில்லை என்று இன்னும் சத்தமாகக் கத்தும். தடுக்காவிட்டால் காசு வீண். 2020 அக்டோபரில், பசுப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவர் பசுஞ்சாணத்தால் ஆன 'சிப்' ஒன்றை மேடையில் காட்டி, இதைப் போனில் வைத்தால் கதிர்வீச்சு குறையும் என்றார். நானூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் சோதனை முடிவைக் காட்டுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். சாணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வாசல் தெளிக்கும் வரை.

எஸ்.ஏ.ஆர். எண்ணைப் பார்த்துப் போன் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அது உச்ச ஆற்றலில் எடுத்த அளவு. சிக்னல் நன்றாக உள்ள வீட்டில் 1.2 காட்டும் போன், சிக்னல் இல்லாத வீட்டில் 0.6 காட்டும் போனைவிடக் குறைவாக வீசும். ஆனாலும் கண்காணிப்பு வேண்டும். 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை, கையில் பிடிக்கும் நிலையில் கிலோவுக்கு 4 வாட் என்ற வரம்பைத் தாண்டி 5.74 வாட் காட்டியதால் ஐபோன் 12 விற்பனையை நிறுத்திவைத்தது. மென்பொருளை மாற்றிய பிறகே அனுமதித்தது. வெளிவந்து மூன்றாண்டு ஆன போன் அது. யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

5ஜி வந்தபின் கணக்கில் ஒரு திருத்தம் தேவை. பழைய ஆன்டெனா தெருவிளக்கு மாதிரி, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பக்கம் வீசும். புதியது டார்ச் விளக்கு மாதிரி. யார் கேட்கிறாரோ அவரை நோக்கி, கேட்கும் கணத்தில் மட்டும் கற்றையைத் திருப்பும். அந்தக் கற்றை பழையதைவிடக் கூர்மையானது, வலுவானது. ஆனால் ஒரே ஆள் மேல் நிலைத்து நிற்காது. அதனால் ஒரு நொடியின் உச்சத்தை அல்லாமல் சில நிமிடச் சராசரியை அளக்கிறார்கள். டவரின் அலை நம் மேல் விழுவது, நாம் நம் போனை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது என்றாகிவிட்டது. டவர், போன் என்று இரண்டாகப் பிரித்துச் சண்டை போட்ட எங்களைப் போன்றவர்களுக்கு இது தொல்லைதான்.

எங்கள் டவர் அங்கேயேதான் நிற்கிறது. மூன்றாவது மனுவை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கதிர்வீச்சு என்ற சொல் இல்லை. மின்சாரம் போகும் இரவுகளில் டவரின் டீசல் ஜெனரேட்டர் எழுப்பும் இரைச்சலைப் பற்றியது அது. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது. ஜெனரேட்டர் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75-ஐத் தாண்டக் கூடாது. இந்த முறை கையெழுத்து வாங்கப் போவதற்கு முன் ஒரு டெசிபல் மானி இரவல் கேட்டிருக்கிறேன். புகைக்குழாய் இரண்டாவது வீட்டின் சமையலறை ஜன்னலைப் பார்த்து இருப்பதற்குப் படமும் எடுத்து வைத்திருக்கிறேன். போனில்தான்.